அப்போஸ்தலரும் ஆடிட்டரும்

ஒரு கேஸ் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

ஒரு பெரிய மனிதர். பணத்துக்குப் பஞ்சமில்லை. புதிதாக ஒரு மாளிகை கட்ட ஆசை. வெளிநாட்டிலிருந்து கைதேர்ந்த மேஸ்திரி ஒருவரை வரவழைக்கிறார். மேஸ்திரி இடத்தைப் பார்க்கிறார். நாணல் குச்சி ஒன்றை எடுத்து அளந்து, அங்கேயே பிளான் போட்டுக் காட்டுகிறார். வாசல் கிழக்கே. காற்றுக்கு ஜன்னல் மேற்கே. அடுப்படி தெற்கே. தண்ணீர்க் குழாய் வடக்கே. (வாஸ்து நிபுணர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். பிளான் என்னுடையதல்ல.) ஐப்பசி வாக்கில் ஆரம்பித்துச் சித்திரைக்குள் முடித்துவிடுவதாகச் சொல்கிறார். ஊரெல்லாம் வெயில் காலத்தில் கட்டும், இந்த ஆள் குளிர் காலத்தில் கட்டுகிறேன் என்கிறாரே என்று முதலாளிக்குக் கொஞ்சம் சந்தேகம். இருந்தாலும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார். அப்புறம் தவணை தவணையாகப் பணம் அனுப்புகிறார். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று ஆள் விட்டுக் கேட்டால், கட்டிடம் ஆச்சு, கூரைதான் பாக்கி என்று பதில் வருகிறது. கூரைக்கும் பணம் போகிறது.

ஒருநாள் முதலாளி நேரில் வந்து விசாரிக்கிறார். காலி மனை. ஒரு செங்கல்கூட இல்லை. வந்த பணத்தையெல்லாம் மேஸ்திரி சுற்றுவட்டார ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். எங்கேய்யா மாளிகை என்று கேட்டால், கட்டியாச்சு, ஆனால் இப்போது பார்க்க முடியாது, நீங்கள் செத்த பிறகுதான் பார்க்கலாம் என்கிறார்.

என்ன தீர்ப்பு?

தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஆபீஸ் வைத்திருக்கும் என் ஆடிட்டர் நண்பனிடம் இதைச் சொன்னேன். என்னோடு பி.காம் படித்தவன். அவன் சி.ஏ. முடித்தான், நான் பத்திரிகைக்கு வந்தேன். காபியைக் கீழே வைக்காமலே சொன்னான். "நம்பிக்கை மோசடிடா. கூரை பாக்கின்னு சொல்லிப் பணம் வாங்கினான் பாரு, அதுக்குத் தனியா சீட்டிங். அந்தக் காலத்துல 406, 420. 2024 ஜூலைக்கு அப்புறம் நம்பர் மாறிப்போச்சு, 316, 318. யார்டா அந்த கான்ட்ராக்டர்?"

"சாந்தோம் சர்ச்சுல இருக்கறவர்" என்றேன்.

காபி இப்போது கீழே வந்தது.

இந்தக் கதை 'தோமாவின் பணிகள்' என்ற பழைய நூலில் இருக்கிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில், அநேகமாக எடெஸ்ஸா என்ற ஊரில் (இன்றைய துருக்கியின் உர்ஃபா) எழுதப்பட்டது. பைபிளில் சேராதது. லஸ் பிளாட்பாரத்தில் முதுகு உடைந்த ஒரு புத்தகம் கிடைத்தது. எம்.ஆர். ஜேம்ஸ் 1924-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்காக இங்கிலீஷில் தொகுத்த, பைபிளில் சேராத நூல்களின் தொகுப்பு. பேய்க்கதை எழுதுவாரே, அதே ஜேம்ஸ். அதில் இந்த நூலும் இருந்தது. படிக்க ஆரம்பித்தவன், நாவல் மாதிரி ஒரே மூச்சில் முடித்தேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நூலில் மயிலாப்பூர் கிடையாது. கதையில் வரும் ராஜா குந்தபோரஸ், வடமேற்கே இந்தோ-பார்த்திய தேசத்தை ஆண்டவர். அவர் கற்பனைப் பாத்திரம் என்றுதான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவர் பெயர் போட்ட காசுகள் கிடைத்தன, கல்வெட்டும் கிடைத்தது. தோமையார் மயிலாப்பூர் வந்தார், பரங்கிமலையில் ஈட்டியால் குத்துப்பட்டார், கடலோரம் அடக்கம் செய்யப்பட்டார் என்பதெல்லாம் வேறு மரபு. கேரளத்திலும் இங்கேயும் வாழையடி வாழையாக வருவது. வரலாற்றுக்காரர்களின் வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு அந்த வழக்கில் ஆர்வமில்லை. இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கோபுர சர்ச் 1896-இல் கட்டி முடித்தது. அதற்குள் இருப்பதாக நம்பப்படும் மனிதரைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய கதை, பணத்தைப் பற்றிய கதையாக இருக்கிறது. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதுவும் சாதாரணமாகவா? கதை ஆரம்பிப்பதே ஒரு விற்பனைப் பத்திரத்தில். சீடர்கள் உலகத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. எனக்கு உடம்பு முடியாது, நான் யூதன், அந்த ஊரில் போய் என்ன பேசுவேன் என்று மாட்டேன் என்கிறார். (டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த பேங்க் ஆபீசர் மாதிரி.) அந்த நேரம் பார்த்து, தச்சன் ஒருவனை வாங்கிவரச் சொல்லி ராஜா அனுப்பிய ஹப்பான் என்ற வியாபாரி கடைத்தெருவில் நிற்கிறான். இயேசுவே அவனிடம் போய், என்னிடம் ஓர் அடிமை இருக்கிறான், தச்சு வேலை தெரியும் என்று விலை பேசி, தோமாவை விற்றுவிடுகிறார். விலை, முத்திரை அடிக்காத வெள்ளி மூன்று ராத்தல். தச்சன் யோசேப்பின் மகனாகிய நான் இன்னாரை விற்றேன் என்று எழுதியும் கொடுக்கிறார். வியாபாரி தோமாவிடம் வந்து, அவர் உன் எஜமானரா என்று கேட்கிறான். தோமா ஆமாம் என்கிறார். அப்படியானால் உன்னை வாங்கிவிட்டேன் என்கிறான். தோமா பேசவில்லை. மறுநாள் காலை கிளம்பிவிடுகிறார். கையில் எடுத்துக்கொண்டது தன்னை விற்ற காசை மட்டும்.

பணிவைப் பற்றி எத்தனையோ உபதேசம் கேட்டிருக்கிறோம். கல்யாண மண்டபத்தில் மைக் பிடிப்பவரெல்லாம் 'அடியேன்' என்றுதான் ஆரம்பிக்கிறார். இங்கே 'அடியேன்' என்ற சொல்லுக்குப் பத்திரமே எழுதிவிட்டார்கள். முந்தாநாள் வரை மாட்டேன் என்றவர், விற்கப்பட்ட பிறகு வாதாடவில்லை. எழுதியவர் ஒரு விளக்கமும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். இந்த இடத்தில் அவர் பெரிய எழுத்தாளர்.

இப்படிப்பட்டவர் ராஜாவின் பணத்தில் கை வைக்கும்போதுதான் எனக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது. மீதிக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ராஜா தோமாவைச் சிறையில் போடுகிறார். தோலை உரிக்கலாமா, தீயில் போடலாமா என்று யோசனை. அன்று ராத்திரி, அண்ணனுக்கு நேர்ந்த அவமானம் தாங்காமல் ராஜாவின் தம்பி காத் படுக்கையில் விழுந்து இறந்துபோகிறான். தேவதூதர்கள் அவனை மேலே கூட்டிப்போய் வரிசையாக மாளிகைகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறார்கள். சைட் விசிட் மாதிரி. ஒன்றைப் பார்த்து அசந்துபோய், இதில் கீழ்த்தளத்தில் ஒரு ரூம் கொடுத்தால் போதும் என்கிறான். அது உன் அண்ணனுக்காகத் தோமா கட்டியது என்கிறார்கள். உடனே காத், என்னைத் திரும்ப அனுப்புங்கள், விவரம் தெரியாத அண்ணனிடமிருந்து இதை விலைக்கு வாங்கிவிடுகிறேன் என்கிறான். உயிர் வருகிறது. எழுந்து உட்கார்ந்து, அண்ணா, சொர்க்கத்தில் இருக்கும் உன் வீட்டை எனக்கு விற்றுவிடு என்கிறான். ராஜாவுக்குப் பொறி தட்டுகிறது. அதை விற்க மாட்டேன், வேண்டுமானால் அதே மேஸ்திரியை வைத்து நீ வேறு கட்டிக்கொள் என்கிறார். தோமாவுக்கு விடுதலை. அண்ணன் தம்பி இருவரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள்.

ஐரோப்பாவில் ஓவியர்கள் இந்தக் கதையை விடவேயில்லை. கட்டிடக் கலைஞர்களுக்குத் தோமையார்தான் பாதுகாவலர். மூலைமட்டத்தைக் கையில் பிடித்தபடி நிற்பார். கட்டாத வீட்டுக்காகக் கிடைத்த பதவி.

இப்போது என் குறைகளைச் சொல்கிறேன். விசுவாசமுள்ள வாசகர்கள் கோபிக்காமல் கேட்கவேண்டும். நான் கபாலி கோயில் பக்கத்து ஆள். அங்கே டியூப்லைட்டில் வெளிச்சத்தைவிட உபயதாரர் பெயர் பெரிதாக இருப்பதையும் பார்த்து வளர்ந்தவன்தான்.

முதல் குறை, காத்தின் பேராசையை எழுத்தாளர் நையாண்டி செய்கிறார் என்று நினைத்துத்தான் சிரித்துக்கொண்டே படித்தேன். ஆனால் ராஜாவும் அதே கணக்கைத்தான் போடுகிறார். பூமியில் ஒரு மனை போனது, மேலே அதைவிட நல்ல லொகேஷனில் ஒன்று அலாட் ஆனது. பணத்தாசை போகவில்லை, முகவரி மாறியிருக்கிறது. செல்வத்தைத் துறக்கச் சொல்லும் கதை கடைசியில் ஒரு ரியல் எஸ்டேட் விளம்பரமாக முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அடையாறு, ஆர்.ஏ.புரம் முழுப்பக்க விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று தெரிகிறது.

இந்தச் சபலம் இந்த நூலுக்கு மட்டுமானதல்ல. லூக்காவில் இயேசு, ஏழைகள் பாக்கியவான்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். கையோடு பணக்காரர்களைக் கண்டித்தும் விடுகிறார். மத்தேயு அதையே சொல்லும்போது 'ஆவியில்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார். மனத்தளவில் எளிமை. அந்தச் சொல்லுக்கு ஆழமான அர்த்தம் இருக்கலாம். பணிவில்லாத ஏழையும் உண்டு என்ற நியாயமும் இருக்கலாம். ஆனால் இரண்டாயிரம் வருடமாகப் பணக்காரர்கள் நிம்மதியாக மூச்சு விட்டது அந்தச் சொல்லின் வழியாகத்தான். மூன்று கார் வைத்துக்கொண்டு மனத்தளவில் எளிமையாக இருப்பது கஷ்டமே இல்லை. பெட்ரோல்தான் கொஞ்சம் ஆகும்.

இரண்டாவது குறை பெரியது. மாளிகைக் கதையை மறுபடி முதலிலிருந்து படித்துப் பாருங்கள். ராஜா பேசுகிறார், தம்பி பேசுகிறான், வியாபாரி பேசுகிறான், தேவதூதர்கள் பேசுகிறார்கள், ராஜாவின் நண்பர்கள் கோள் சொல்கிறார்கள். பணத்தை வாங்கிய ஏழைகளில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஒருவருக்கும் பெயரில்லை. பசி தீர்ந்ததா, கடன் அடைந்ததா, அடுத்த வருடம் என்ன ஆனார்கள், ஒன்றும் தெரியாது. ராஜாவின் சொர்க்க மாளிகைக்கு அவர்கள்தான் செங்கல். செங்கலிடம் யார் பேட்டி எடுப்பார்கள்?

ஏழைப் பாசத்துக்குப் பேர்போன ஒரு நூலில் இது எப்படி விட்டுப்போகும் என்று யோசித்தேன். தானம் கொடுப்பவருக்கு நடப்பதுதான் கதை என்று எழுதியவர் முடிவு செய்துவிட்டார். நம் பேப்பர்களில் வரும் தையல் மெஷின் வழங்கும் விழா போட்டோ மாதிரி. கொடுப்பவர் கேமராவைப் பார்ப்பார். வாங்குபவர் மெஷினைப் பார்ப்பார். போட்டோவுக்குக் கீழே கொடுப்பவர் பெயர் மட்டும் இருக்கும்.

கொடுப்பவரின் பெயர் என்றதும் சைதாப்பேட்டை ஞாபகம் வருகிறது. தி.நகரிலிருந்து ஆற்றைத் தாண்டிப் பரங்கிமலை போகிற வழி. 1726-இல் அங்கே அடையாற்றின் குறுக்கே சொந்தச் செலவில் பாலம் கட்டினார் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. மலைக்குப் போகும் கற்படிகளும் அவர் உபயம்தான். பெரும் பணக்காரர். தோமையாரின் பக்தர். பாலத்துக்கு மார்மலாங் பாலம் என்று பெயர். வேறொன்றுமில்லை, நம் மாம்பலம் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1960-களில் அதை எடுத்துவிட்டு மறைமலை அடிகள் பாலம் கட்டினார்கள். பழைய பாலம் போனபோதும், அவர் பெயர் பொறித்த கல்லை மட்டும் விட்டுவைத்தார்கள். கல்லைப் பார்த்தால் எனக்கும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். ஆனாலும் உஸ்கானைக் கேலி செய்ய மனம் வரவில்லை. மலைக்குப் போன பக்தன் மட்டுமா அந்தப் பாலத்தில் நடந்தான்? சந்தைக்குப் போன காய்கறிக்காரியும் நடந்தாள். ஆற்றில் இறங்காமல் போகலாம் என்பது அவளுக்கு இந்த உலகத்திலேயே கிடைத்த லாபம்.

சரி, கிறிஸ்தவத்துக்குள்ளேயே இந்தக் கணக்கைச் சரியாக எழுதியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அதிலும் ஒருவர் நம் தமிழர், தொழிலால் ஆடிட்டர். என் நண்பனுக்கு அவர் பெயர் தெரியவில்லை. பி.காம் பாடத்தில் எனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ் என்று பெயர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் சொந்த ஃபர்ம். பிறகு அமெரிக்கா போய் சிரக்யூஸில் வணிகம், கொலம்பியாவில் பொது நிதி. இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில், விடை பிரிட்டிஷ் அரசின் வரவு செலவில் இருந்தது. 1929 மே மாதம் அந்தக் கட்டுரையோடு சபர்மதிக்குப் போகிறார். சூட்டு கோட்டு, கையில் தடி. மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூற்றுக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகுதான் அவர்தான் காந்தி என்று தெரிகிறது. மடிப்புக் கலையாத பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்கவேயில்லை என்று சொல்லலாம்.

காந்தி அவருக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை என்ன தெரியுமா? குஜராத்தில் மாத்தர் தாலுகா முழுக்கக் கிராமம் கிராமமாகப் போய், மக்களிடம் வரவு என்ன, செலவு என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதுவது. தோமாவின் கதையில் விட்டுப்போன அத்தியாயம் இதுதான். செங்கலிடம் பேட்டி எடுத்த ஆடிட்டர்!

1934-இல் பீகார் பூகம்பம். நிவாரண நிதிக் கணக்கு குமரப்பா கையில். தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளைக்கு மூன்று அணா, அதற்கு மேல் காலணா கிடையாது என்று வரம்பு கட்டினார். காந்தி தன் பரிவாரத்தோடு பாட்னா வருகிறார். குமரப்பா மகாதேவ தேசாயைக் கூப்பிட்டு, உங்கள் ஆட்களின் சாப்பாட்டுச் செலவையும் கார் பெட்ரோலையும் நிதியிலிருந்து தர முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். விஷயம் காந்தியிடம் போனது. ஜனங்களுக்காக வந்த பணம் இது என்றார் குமரப்பா. காந்தி ஒப்புக்கொண்டார்.

1942 போராட்டத்தில் சிறை. ஜபல்பூர் சிறையில் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று 'நிலைத்த பொருளாதாரம்', இன்னொன்று இயேசுவின் வாழ்க்கையையும் போதனையையும் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை. முதல் புத்தகத்தில் பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். கொன்று தின்னும் புலி, நடாமல் பறிக்கும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டுக்காக உழைக்கும் தேனீ, எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. இதைப் படித்துவிட்டு ராஜாவையும் தம்பி காத்தையும் எந்தக் கட்டத்தில் போடுவது என்று பார்த்தேன். மேலே உள்ள மாளிகையை மனத்தில் வைத்துக் கொடுப்பவன் தாய்ப்பறவை இல்லை. தாராளமாக மார்க் போட்டாலும் கூடு கட்டும் பறவையோடு நிற்கிறான்.

இயேசு புத்தகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். குமரப்பா அதில் சர்ச்சுகளை விடவில்லை. ஆட்சியோடும் பட்டாளத்தோடும் கைகோத்துக்கொண்ட கிறிஸ்தவத்தை, உள்ளேயிருந்து, விசுவாசியாகவே விளாசுகிறார். ஆனால் புத்தகம் முழுக்க எனக்குத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் இயேசு கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர் மாதிரியே பேசுகிறார். விருந்துக்குப் போய்ச் சாப்பிடுகிற, கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்தால் ஏற்பாடு செய்கிற இயேசு அதில் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று அணாவுக்கு மேல் சிரிப்பும் கிடையாது போல. 'தோமாவின் பணிகள்' எழுதியவர் குமரப்பாவைவிடப் பத்து மடங்கு நல்ல கதைசொல்லி. யாரிடம் பணத்தைக் கொடுத்துவைக்கலாம் என்று கேட்டால் மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

குமரப்பா கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்தார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி சென்னையில் காலமானார். காந்தி இறந்த அதே தேதி.

போன வாரம் சாந்தோம் சர்ச்சுக்குப் பின்னால் இறங்கி, கடற்கரையை ஒட்டி நொச்சிக்குப்பம் வரை நடந்தேன். 2023 ஏப்ரலில் இங்கே லூப் ரோட்டோர மீன்கடைகளை அகற்றும் விவகாரம் ஹைகோர்ட் வரை போனது ஞாபகமிருக்கும். அப்போது மீன் விற்கும் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். டி.வி.க்காரர்கள் மைக் நீட்டியபோது அவர்கள் செங்கல் மாதிரி இருக்கவில்லை. தலைமுறைக் கணக்கையே எடுத்து வைத்தார்கள். 2024-இல் அங்கே நவீன மீன் அங்காடி திறந்தார்கள். அங்கே ஒரு அம்மாவிடம் வஞ்சிரம் வாங்கிக்கொண்டே, இந்த சர்ச்சில் இருப்பவர் ராஜா பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்த கதை தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் சார், பிரசங்கத்துல சொல்வாங்க" என்றார். மீனை வெட்டியபடியே, "ஆளுக்கு எவ்ளோ குடுத்தாராம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஜேம்ஸின் புத்தகத்திலும் இல்லை.

ஆடிட்டர் நண்பன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தான். நேற்றுத் திருப்பிக் கொடுத்தான். தொழில் பழக்கம், பச்சை பேனாவோடுதான் படித்திருக்கிறான். விற்பனைப் பத்திரத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. கூரை பாக்கி என்ற இடத்தில் இரண்டு கேள்விக்குறி. சொர்க்க மாளிகைக்கு, வவுச்சர் இல்லை என்று குறிப்பு. ஒரே ஒரு இடத்தில் டிக் போட்டிருந்தான். ராஜாவின் நண்பர்கள் வந்து தோமாவைப் பற்றிக் கோள் சொல்கிற இடம். அந்த ஆள் மாளிகையும் கட்டவில்லை ஒன்றும் கட்டவில்லை, ஊர் ஊராகப் போய் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறான் என்று சொல்லிவிட்டு, அவன் தின்பது ரொட்டியும் உப்பும், குடிப்பது தண்ணீர், வெயிலானாலும் குளிரானாலும் உடம்பில் ஒரே துணி என்று போகிறபோக்கில் சொல்கிறார்கள்.

"இது மட்டும் ஏன்டா பாஸ் ஆச்சு?" என்றேன்.

"எதிராளியே சொல்லியிருக்கான்ல" என்றான்.